வியர்வையோடு விக்: காவிரிப் படுகையில் புதிதாக அணியத் தொடங்குவோருக்கு

விக் வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் கடையின் கண்ணாடி முன் நின்றுதான் முடிவெடுக்கிறார்கள். அங்கே ஏசி ஓடிக்கொண்டிருக்கும், தலை உலர்ந்திருக்கும், பணியாளர் சீவிவிட்ட முடி கலையாமல் நிற்கும். அதே விக்கை அணிந்துகொண்டு அக்னி நட்சத்திர நாளொன்றில் பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு இருசக்கர வண்டியில் சென்று இறங்கும்போதுதான், வாங்கிய பொருள் நமக்கு ஏற்றதா என்பது தெரியவரும். ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் வாழ்ந்துகொண்டு, பந்தாடுகிற, மிதிவண்டி மிதிக்கிற, வயலுக்கும் சந்தைக்கும் அலைகிற ஒருவர் முதலில் கணக்கிட வேண்டியது, தம் தலை ஒரு நாளில் எத்தனை முறை நனைகிறது என்பதைத்தான். அடிப்பகுதி, முடியின் அடர்த்தி, ஒட்டும் முறை என மற்ற எல்லாத் தேர்வுகளும் அந்தக் கணக்கிலிருந்தே பிறக்க வேண்டும்.

கடலும் ஆறும் வாய்க்காலும் சூழ்ந்த இந்தப் பகுதியில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை சுரக்கும், ஆனால் விரைவில் உலராது. குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரைகள், குறிப்பாக 'ஒருமுறை ஒட்டினால் ஒரு மாதம் கவலையில்லை' என்பது போன்றவை, இங்கே அப்படியே செல்லுபடியாவதில்லை. அதே சமயம் வெக்கையில் பிறர் முடியைத் தலையில் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் வேடம் ஏற்கும் ஆண்கள், வைகாசியை ஒட்டிய புழுக்கத்தில், பின்னலும் சவுரியுமாக இரவெல்லாம் ஆடுகிறார்கள். அவர்கள் விடிந்ததும் கழற்றிவிடுவார்கள்; நாம் விடிந்ததும் மாட்டிக்கொள்கிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன்

முடி ஏன் உதிர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விக்கில் பணம் போட வேண்டாம். பரம்பரை வழுக்கை மெதுவாகவும் தொடர்ந்தும் விரிவது. இன்று எடுக்கும் அளவு சில ஆண்டுகளில் மாறிவிடும். புழுவெட்டு என்று நாம் சொல்லும் வட்ட வட்டமான சொட்டை, உடலின் எதிர்ப்பாற்றலே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது; அது சிறிய அளவில் இருக்கும்போது பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு, மூன்று மாதம் கழித்தும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் கொத்துக் கொத்தாக உதிரும் முடி பெரும்பாலும் திரும்பி வரக்கூடியது. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆகவே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிட்டுக் கடைக்குச் செல்வது நல்லது. கடும் பொடுகு, படர்தாமரை, சீழ்க்கொப்புளம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். ஈரமும் வெப்பமும் அடைபட்ட தலையில் அவை விரைந்து பரவும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களின் நிலை தனி. பல மருந்துகளில், சிகிச்சை தொடங்கிய இரண்டு, மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். அந்த இடைக்காலத்தில் தலைத்தோல் மிக மென்மையாக இருப்பதால் விக்கை ஒட்டுவதற்கான பசையும் டேப்பும் வேண்டாம். பருத்தித் தொப்பியின் மேல் அணியக்கூடிய முழுத்தலை விக்கே போதும். முடி இருக்கும்போதே நிறத்தையும் வகிட்டையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு பொருத்தமானதைத் தேடுவது எளிது.

அடிப்பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

பேஸ் என்று கடைகளில் சொல்லப்படும் அடிப்பகுதியில்தான் முடி கோக்கப்பட்டிருக்கும். வலை போன்ற லேஸ், சற்றுத் தடித்த நைலான் இழையால் ஆன மோனோ, தோல் போன்று மெல்லிய பாலியூரித்தேன் படலம் என அது மூன்று பெருவகைப்படும். கடைசி வகையைப் பலர் ஸ்கின் பேஸ் என்பார்கள். லேஸில் காற்றும் வியர்வையும் கடந்து செல்லும். நெற்றி ஓரமும் இயல்பாகத் தெரியும். ஆனால் அது மெலிந்தது, நாள்தோறும் அணிந்தால் சில மாதங்களில் கிழியத் தொடங்கும். மோனோ நெடுநாள் உழைக்கும், கைப்பக்குவம் தெரியாதவர்களின் இழுப்பையும் தாங்கும். ஆனால் நெற்றி ஓரத்தில் சற்றுத் தடிப்பாகத் தெரியும். ஸ்கின் பேஸைச் சுத்தம் செய்வதும் ஒட்டுவதும் மிக எளிது, கடைக்காரர்கள் அதை முன்னிறுத்துவதற்கும் அதுவே காரணம். ஆனால் வியர்வை வெளியேற வழியில்லாததால், ஓடுகிறவரின் தலையில் அதன் அடியில் நீர் கோத்துக்கொள்ளும்; சிறிது நேரத்தில் ஓரம் வழுக்க ஆரம்பிக்கும்.

நாள்தோறும் உடலுழைப்போ விளையாட்டோ உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்னெற்றி முழுவதும் லேஸாகவும், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் மட்டும் டேப் ஒட்டுவதற்கு ஒல்லியான பாலியூரித்தேன் கரை உள்ளதாகவும் இருக்கும் பேஸைக் கேளுங்கள். நடுவில் காற்று போகும், ஓரத்தில் பிடிமானம் இருக்கும். முழுக்க ஸ்கின் பேஸ் வேண்டுமென்றால், நாளெல்லாம் மின்விசிறிக்கடியில் வேலை செய்பவர் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது முடி. செயற்கை இழையாலான விக் மலிவானது. நனைந்து உலர்ந்தாலும் வடிவம் மாறாது. ஆனால் வெப்பம் பட்டால் சுருங்கிப் பொசுங்கும். விறகடுப்பையோ இட்லிக் கொப்பரையின் ஆவியையோ குனிந்து பார்த்தாலே நுனிகள் முறுகிவிடும். தீபாவளி மத்தாப்பும் கற்பூரத் தட்டும் அதைவிட ஆபத்தானவை. மனித முடியாலானது விலை மிகுதி. ஆனால் அதை வெட்டலாம், சூடான கருவியால் படிய வைக்கலாம், நம் முடியோடு ஒன்றாகிவிடும். அதன் எதிரி வெயில். சில மாத வெயிலில் கருமை மங்கிச் செம்பட்டை பாய்ந்துவிடும். வெளியில் வேலை செய்பவர் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

அடர்த்தியைப் பற்றி ஒரு கண்டிப்பான அறிவுரை. புதிதாக வாங்கும் எவரும் இழந்ததையெல்லாம் ஒரே நாளில் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்ற ஆசையில் அடர்ந்த முடியையே கேட்பார்கள். விற்பனையில் 100 விழுக்காடு என்று குறிக்கப்படும் அடர்த்தியே நாற்பதைக் கடந்தவருக்குச் சற்று மிகை. 80 அல்லது 90 போதும். அடர்த்தி குறைந்தால் பார்ப்பவருக்கு ஐயம் வராது என்பதோடு, வியர்வையும் எளிதில் உலரும்.

அளவும் வெட்டும்

வழுக்கைப் பகுதியின் மேல், சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகப் போர்த்தி, அதன் மேல் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் தலையின் வளைவு அப்படியே அச்சாகிவிடும். அதன் மேல் முன்நெற்றிக் கோட்டையும் ஓரங்களையும் மார்க்கர் பேனாவால் வரைந்துகொள்ள வேண்டும். முன்கோடு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் தயங்குபவர்கள், புருவத்துக்கு மேல் நான்கு விரல் அகலம் விட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் பிழையிராது. இருபது வயதில் இருந்த இடத்துக்கே இறக்கினால் முகத்துக்கும் முடிக்கும் வயது ஒட்டாது. நிறத்துக்கு மாதிரியாகப் பின்மண்டையிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சில இழைகளை வெட்டிக் கொடுங்கள். நரை இருந்தால் மறைக்க வேண்டாம். காதருகே நரைத்து மேலே மட்டும் கருகருவென்றிருக்கும் தலை, யாரும் கேட்காமலே கதை சொல்லிவிடும்.

விக் கையில் வந்தவுடன் அணிந்துகொண்டு வெளியே போகாதீர்கள். வாங்கிய நிலையில் அதன் முடி நீளமாகவும் ஒரே தடிப்பாகவும் இருக்கும். அணிந்த நிலையிலேயே வெட்டி, நம் பக்க முடியோடு கலக்கச் செய்ய வேண்டும். கடையிலேயே இதைச் செய்துகொள்வது பாதுகாப்பானது. உள்ளூர் சலூனில் செய்வதாக இருந்தால், 'இது மறுபடி முளைக்காது' என்பதை வெட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிடிமானம்

கிளிப், டேப், பசை என மூன்று வழிகள் உண்டு. கிளிப்புக்குச் சுற்றிலும் நம் சொந்த முடி ஓரளவு நீளமாக இருக்க வேண்டும். மாலையில் கழற்றி மறுநாள் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் தலைத்தோலுக்கு மிகவும் நல்லது. அலுவலகம், திருமணம், கோயில் என்று அமைதியாக நகரும் நாளுக்கு இதுவே போதும். ஆனால் ஓட்டத்திலும் துள்ளலிலும் ஒரே இடத்து முடியைக் கிளிப் மீண்டும் மீண்டும் இழுப்பதால் நாளடைவில் அந்த முடியும் உதிரும். அந்த இழப்பு நிலைத்துவிடவும் கூடும்.

டேப் என்பது இருபுறமும் ஒட்டும் மெல்லிய பட்டை. அது ஒட்டுவதற்கு வழுக்கைப் பகுதியில் மிஞ்சியிருக்கும் முடியைச் சிரைத்துவிட வேண்டும். இந்த ஒரு செய்தியைக் கடைகளில் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். ஆகவே முன்கூட்டியே மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். பசை டேப்பைவிட இயல்பான முன்கோட்டைத் தரும், ஆனால் பழக்கம் வேண்டும். நீரில் கரைத்துச் செய்யப்படும் அக்ரிலிக் பசைகள் தோலுக்கு இதமானவை எனினும் தொடர்ந்து வியர்வை பட்டால் வெண்மையாகிக் குழைந்துவிடும். கரைப்பான் கலந்தவை உறுதியானவை, கழற்றுவது கடினம், தோலையும் உறுத்தக்கூடும். புதியவர்கள் டேப்பில் தொடங்கி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அதிலேயே கழித்துவிட்டுப் பிறகு பசையைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் டேப்பின் சிறு துண்டை அல்லது பசையின் ஒரு துளியைக் காதுக்குப் பின்னால் இட்டு 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பொருள் உங்களுக்கு ஆகாது.

ஒட்டும் முறை

டெல்டாவில் பாதிச் சிக்கல்கள் ஒட்டும் நேரத்திலேயே உண்டாகின்றன. குளித்துவிட்டு வந்த சூட்டோடு, கழுத்தில் வியர்வை அரும்பிக்கொண்டிருக்கும்போது ஒட்டினால், எந்த நிறுவனத்தின் டேப்பாக இருந்தாலும் பிடிக்காது. இரவு உணவுக்குப் பின் குளிர்ந்த நீரில் தலையைக் கழுவி, மின்விசிறியின் கீழ் நன்றாக உலரவிட்டு, பிறகு தொடங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாதபடி சாதாரண ஷாம்பூவால் கழுவியிருக்க வேண்டும்; கண்டிஷனர் தலைத்தோலில் படக்கூடாது. உலர்ந்த தோலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, அது ஆவியான பின், ஸ்கேல்ப் புரொடெக்டர் என்று விற்கப்படும் திரவத்தை மெல்லிய படலமாகத் தடவி உலரவிட வேண்டும். அது வியர்வைக்கும் டேப்புக்கும் இடையே ஒரு மெல்லிய திரையாக நிற்கும்.

டேப்பைச் சுற்றிலும் ஒரே நீளப் பட்டையாக ஒட்டாதீர்கள். முன்நெற்றியில் மட்டும் இடைவெளியில்லாமல் ஒட்டி, பக்கங்களிலும் பின்புறத்திலும் சிறுசிறு துண்டுகளாக, இரண்டு துண்டுகளுக்கிடையே விரலளவு இடம் விட்டு ஒட்டினால், உள்ளே சுரக்கும் வியர்வை பின்கழுத்து வழியாக வடிந்துவிடும். வயலில் மடை திறந்து வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. வழி விடாவிட்டால் வரப்புத்தான் உடையும். பிறகு முன்கோட்டை முதலில் வைத்து, பின்னோக்கிப் படிய விட்டு, ஓரங்களை ஒவ்வொன்றாகச் சில நொடிகள் அழுத்துங்கள். அடுத்த 24 மணி நேரம் தலை நனையாமலும் கடுமையாக வியர்க்காமலும் பார்த்துக்கொண்டால் பிடிப்பு முழு வலுவை அடையும். ஆட்டம், பயணம், விழா எதுவாயினும் அதற்கு முந்தைய நாளுக்கு முந்தைய நாளே ஒட்டிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

டேப் சுருளை வண்டியின் பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள்; சூட்டில் அதன் பசை இளகிப் பயனற்றதாகிவிடும்.

முதல் இரண்டு வாரங்கள்

முதல் சில நாள்கள் வீட்டிலும் மாடியிலும் அணிந்து பழகுங்கள். தலையில் ஏதோ அமர்ந்திருக்கிறது என்ற உணர்வு ஒரு வாரத்தில் குறைந்துவிடும். அதற்குள் அரிப்பும் எரிச்சலும் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அடுத்து, அதிகாலை நடை. தஞ்சாவூரில் இருப்பவர்கள் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் ஓரிரு சுற்றுகள் நடந்தும் மெல்ல ஓடியும் பார்க்கலாம். சிற்றூர்க்காரர்களுக்கு ஆற்றங்கரைச் சாலையே போதும். வேகத்தை நாளுக்கு நாள் கூட்டி, எந்த அளவு வியர்வையில் எந்த ஓரம் முதலில் தளர்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அது நெற்றியின் இரு பொட்டுகளுக்கு மேலே உள்ள மூலைகளாகத்தான் இருக்கும். அங்கே டேப்பைச் சற்று அகலமாக வைப்பதே தீர்வு.

நம் ஊர் ஆண்களிடம் ஊறிப்போன ஒரு பழக்கத்தை இந்த நாள்களிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நெற்றியிலிருந்து உச்சி வரை அழுத்தித் துடைப்பது நமக்கு மூச்சு விடுவதைப் போல் இயல்பாக வரும். விக் அணிந்த தலையில் அந்த ஒரு துடைப்பு முன்கோட்டையே பெயர்த்துவிடும். இனி வியர்வையை ஒற்றி எடுங்கள். அதுவும் புருவத்துக்கு மேலே, முன்கோட்டுக்குக் கீழே. விளையாடும்போது நெற்றிப்பட்டை கட்டுவதாக இருந்தால் அதையும் முன்கோட்டுக்குக் கீழேயே கட்ட வேண்டும். மேலே கட்டினால் பட்டை நகரும்போதெல்லாம் ஓரம் சுரண்டப்படும்.

வண்டி, வயல், ஆடுகளம், ஆறு

இருசக்கர வண்டியில் செல்பவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். விக் கலைந்துவிடும் என்று அதைத் தவிர்ப்பது அறிவுடைமையாகாது. பருத்தியாலான மெல்லிய உள்தொப்பியை அணிந்துகொண்டு, கவசத்தின் இரு பக்கப் பட்டைகளையும் விரித்துப் பிடித்து நேராகத் தலையில் இறக்குங்கள். கழற்றும்போதும் அதேபோல் நேராகத் தூக்குங்கள். பின்னாலிருந்து முன்னோக்கி உருட்டிக் கழற்றும் வழக்கம்தான் முன்கோட்டின் முதல் எதிரி. ஈரத்தலையில் கவசம் வேண்டாம். நெடுந்தொலைவு செல்லும்போது கிளிப்பின் உலோகம் கவசத்துக்கடியில் தோலை அழுத்திப் புண்ணாக்கும் என்பதால், நாள்தோறும் வண்டியில் போய்வருபவர்களுக்கு டேப்பே பொருந்தும்.

வயல்வேலைக்கு விக் வேண்டாம். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவைக்கு நாற்று விடும் காலமாயினும், தை மாதத்துச் சம்பா அறுவடையாயினும், முண்டாசு கட்டிய தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கதிரடிக்கும் இடத்தில் பறக்கும் நெல் சுணை லேஸின் கண்களில் புகுந்துகொண்டால் ஒருநாள் முழுதும் அரிக்கும். அலசினாலும் எளிதில் போகாது. பூச்சிமருந்து தெளிப்பவர்கள் விக் அணியவே கூடாது. மருந்து அதில் படிந்து, கழற்றும் வரை தலைத்தோலிலேயே தங்கிவிடும்.

ஆட்டங்களில், பூப்பந்து, கைப்பந்து, கிரிக்கெட், மிதிவண்டி ஆகியவற்றை டேப் தாராளமாகத் தாங்கும். கபடியிலும் மல்யுத்தத்திலும் எதிராளியின் கை தலையில் விழும். அங்கே கழற்றி வைத்துவிட்டு இறங்குவதே சரி. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். குழுவில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வைத்தால், நெற்றி ஓரம் தூக்கிக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே உணர்த்த ஆள் கிடைப்பார், ஆட்டத்திலும் மனம் ஒன்றும். பையில் வெட்டி வைத்த சில டேப் துண்டுகள், ஆல்கஹால் துடைப்பான், கைக்கண்ணாடி, சீப்பு, ஒரு தொப்பி ஆகியவை எப்போதும் இருக்கட்டும்.

நீரில் இறங்குவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் கேட்கப்படுகிறது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் முழுகாமல் இருக்க முடியுமா, ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடாமல் இருக்க முடியுமா என்பார்கள். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வரும்போதும் இதே கேள்வி எழும். நன்றாக ஒட்டப்பட்ட விக்கோடு முழுகலாம். தாவிக் குதிக்கக் கூடாது. ஓடும் நீரை நேர்முகமாக எதிர்கொண்டு முழுகினால் நீரின் விசை முன்கோட்டுக்கடியில் புகுந்துவிடும் என்பதால், முகவாயைத் தாழ்த்தி, உள்ளங்கையால் முன்கோட்டை அழுத்திக்கொண்டு, மெதுவாக அமர்ந்து எழ வேண்டும். கிளிப் விக்கோடு ஆற்றில் இறங்கினால், அது உங்களுக்கு முன்பே பூம்புகார் போய்ச் சேர்ந்துவிடும். பம்புசெட்டில் குளிப்பவர்கள் குழாயிலிருந்து பாயும் நீருக்குத் தலையை நேராகக் கொடுக்காமல் கழுத்திலும் தோளிலும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த விசையைத் தாங்கும் டேப் எதுவும் கிடையாது. நீச்சல்குளத்துக் குளோரின் முடியை வறளச் செய்து நிறத்தை மாற்றும். இறங்கும் முன்பே நல்ல நீரால் முடியை நனைத்துவிட்டால் குளோரின் நீர் உள்ளே ஊறுவது குறையும், ஏறியவுடன் மறுபடி அலசிவிட வேண்டும்.

வேதாரண்யம், நாகை போன்ற கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும். அந்த நீரில் அலசிய முடி உலர்ந்ததும் நார் போல விறைக்கும். கடைசிக் குவளையை மட்டும் குடிநீராகவோ பிடித்து வைத்த மழைநீராகவோ ஊற்றினால் போதும்.

வாரம் ஒரு நாள் தலைக்கு ஓய்வு

மாதக்கணக்கில் ஒட்டியே வைத்திருக்கலாம் என்று விற்பவர் சொன்னாலும், வியர்க்கிற தலைக்கு வாரம் ஒருமுறை திறப்பு வேண்டும். நமக்கு இதற்கென்று ஒரு நாள் மரபிலேயே இருக்கிறது. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமையையே ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு, கழற்றுவதற்கான திரவத்தை ஓரங்களில் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு, இழுக்காமல் உரித்தெடுங்கள். தலையில் ஒட்டியிருக்கும் பசைக்கு மறுநாள் காலை தேங்காயெண்ணெய் போதும். அது பசையை இளக்கிவிடும். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, சனிக்கிழமை முழுதும் தலையைக் காற்றாட விட்டுவிட்டு, அன்றிரவு ஷாம்பூவால் ஒருமுறை கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பின் ஒட்டிக்கொள்ளலாம். ஞாயிறு ஓய்வாக இருந்தால் திங்களன்று பிடிப்பு முழுமையாகியிருக்கும்.

விக்குக்குச் சீயக்காய் வேண்டாம். அதன் தூள், முடியை அடிப்பகுதியோடு கட்டியிருக்கும் முடிச்சுகளில் தங்கும், முடியைச் சொரசொரப்பாக்கும். மென்மையான, சல்பேட் இல்லாத ஷாம்பூவைக் குளிர்ந்த நீரில் கலந்து, முடியை ஒரே திசையில் வருடிக் கழுவி, கண்டிஷனரை வேர்ப்பகுதியில் படாமல் நுனிகளில் மட்டும் தடவி அலசுங்கள். முடிச்சில் கண்டிஷனர் பட்டால் முடி நழுவி உதிரும். பிழிய வேண்டாம், துண்டில் பொதிந்து அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். முடி வளர்வதற்காக மினாக்சிடில் போன்ற மருந்து தடவுபவர்கள், அதன் பிசுக்கில் டேப் பிடிக்காது என்பதால், எந்த நேரத்தில் தடவுவது என்று மருத்துவரிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவுமே உலராது. அந்த மாதங்களில் இரண்டு விக்குகளை மாற்றி மாற்றி அணிவதுதான் வழி. அரைகுறையாக உலர்ந்ததை ஒட்டினால் இரண்டே நாளில் நாற்றம் வரும்.

பெண்களுக்குச் சில குறிப்புகள்

உச்சியில் மட்டும் முடி மெலிந்த பெண்களுக்கு டாப்பர் என்று விற்கப்படும் கிளிப் வைத்த சிறு விக் பொருந்தும். சிரைக்க வேண்டியதில்லை, பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளலாம். பூவை மட்டும் அதில் செருகாதீர்கள். நான்கு முழம் மல்லிகையின் கனம் கிளிப்பையும் அது பற்றியிருக்கும் மெலிந்த முடியையும் சேர்த்து இழுக்கும். பின்கழுத்தருகே உள்ள சொந்த முடியில் பூ வைத்துக்கொள்வதே நல்லது. வகிட்டில் குங்குமம் வைப்பவர்கள் விக்கின் வலையில் நேரடியாக வைத்தால் கறை போகாது. வகிடு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தோலில் வைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் நிற்கும் நேரத்தில் செயற்கை இழை விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது கழற்ற வேண்டும்

விக்குக்கடியில் எரிச்சல், சீழ்ப் புள்ளிகள், செதில், துர்நாற்றம், தொட்டால் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே கழற்றிவிட்டு, தோல் முழுதும் ஆறும் வரை அணியாதீர்கள். மேலே மேலே டேப் ஒட்டி நாளைக் கடத்தினால் முடிவேர்ப் புண் ஆழமாகி, இருக்கும் முடியும் போகும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கோ எம்ஆர்ஐ ஸ்கேனுக்கோ செல்லும்போது விக் அணிந்திருப்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலோகக் கிளிப்போடு அந்த ஸ்கேன் அறைக்குள் போகக் கூடாது. பிறருடைய விக்கையும் சீப்பையும் இரவல் வாங்காதீர்கள்.

முன்கோட்டு லேஸ் நார் நாராகப் பிரிவதும், உச்சியில் முடி உதிர்ந்து வலை தெரிவதும், அலசியபின் முடி பளபளப்பின்றி சிக்கலாகவே இருப்பதும் விக்கின் ஆயுள் முடிந்ததற்கான அடையாளங்கள். அளவெடுத்துச் செய்து வாங்குபவர்களுக்குப் புதியது வந்து சேரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இந்த அடையாளங்களில் முதலாவது தென்பட்டதுமே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும். பழையதின் முடி மாதிரியையும், செலோடேப்பில் எடுத்த அச்சையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் மறுபடி அளவெடுக்கப் போக வேண்டியதில்லை. ஆனால் வழுக்கை விரிந்திருக்கிறதா என்று அந்த அச்சைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.